ஒரு வேலி, இரண்டு சம்பளம்

எனக்கு வைத்த பிரியாவிடைத் தேநீரின்போது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டீர்கள்: "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, இந்த வேலையிலை எவ்வளவு காசு உழைக்கலாம்?"

என் வாய் நிறையப் பற்றீஸ் பலகாரம் இருந்தது. சிரித்துச் சமாளித்தேன். பற்றீஸ் இல்லாவிட்டாலும் சிரித்துத்தான் சமாளித்திருப்பேன். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வாய் திறக்க வராது. என் பக்கத்தில் இருந்து வேலை பழகிய உங்களுக்கு அது தெரியும். அதனால்தான் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

கேட்டது பிழையான கேள்வி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதைக் கேட்காமல் சேர்ந்தேன். கேட்டால் காசாசை பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்ற பயம். மாத முடிவில் கையில் தந்தபோதுதான் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தது. அப்படி இருக்காதீர்கள்.

நான் மானிப்பாயில், பேச்சுப் பிந்திய பிள்ளைகளுக்கான எங்கள் நிலையத்துக்கு வந்தது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அல்ல. கூட்டவும், விளையாட்டுச் சாமான்களைக் கழுவிக் காயவைக்கவும். பதினோராம் வகுப்பில், சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதுவே பெரிது. நான் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குச் சில பிள்ளைகள் வந்து நிற்கும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். என்ன கேட்பது என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நேரம் போக அவர்களே எதையாவது காட்டி ஏதாவது சத்தம் வைப்பார்கள். இதைப் பேச்சுச் சிகிச்சையாளராக இருந்த மிஸ் கவனித்திருக்கிறார். என்னைவிட அவர் பதினெட்டு வயது இளையவர். "அக்கா, பிள்ளையிட்டை ஒண்டைக் கேட்டுப்போட்டு, பதில் வருமட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுது" என்றார். என் கூச்சத்தை ஒருவர் தகுதி என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்படித்தான் உதவியாளர் ஆனேன்.

உதவியாளரின் சம்பளம் சின்னச் சம்பளம். கொஞ்சம் கூடுதலாக உழைக்க இருந்த வழி, பின்னேரங்களில் வீடுகளுக்குப் போவது. மிஸ் பிள்ளையைப் பார்த்து என்ன செய்யவேண்டும் என்று எழுதித் தருவார். வீட்டுக்குப் போய் நான் அதைச் செய்வேன். ஒரு வீட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தால், நிலையத்தில் இரண்டு நாள் வேலைக்குக் கிடைப்பது கிடைக்கும். உங்களில் பலருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

புத்தூரில் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய பாதை. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம். அதன் முடிவில் ஆரணி என்ற பிள்ளையின் வீடு. நாலரை வயது. எல்லாம் விளங்கும், ஆனால் வாயில் சொற்கள் வராது. எண்ணினால் பத்துச் சொல் இருக்கும். அவற்றையும் தாயிடம் மட்டும்தான் சொல்லும். கனடாவில் இருந்த மாமன் பயிற்சிக்குக் காசு அனுப்பினார். தாய் முதல் நாளே வாசல் படலையில் நின்று எனக்கு ஒரு நிபந்தனை சொன்னார்.

"உங்களை நாங்கள் ரீச்சர் எண்டே கூப்பிடுறம். ஆரும் கேட்டால் ரியூசன் எண்டு சொல்லுங்கோ."

நாலரை வயதுப் பிள்ளைக்கு ரியூசன் என்றால் வேறு ஊரில் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். நான் ஓம் என்றேன். ஆருக்கும் தீங்கில்லாத பொய் என்று நினைத்தேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ரீச்சர் என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

தாயின் எதிர்பார்ப்பு பெரிதாக இருக்கவில்லை. அடுத்த தை மாதம் ஆரணி முதலாம் வகுப்புக்குப் போகவேண்டும். "பாட்டும் கதையும் வேண்டாம் ரீச்சர். சலம் வந்தால் வாய் திறந்து சொல்லத் தெரிஞ்சால் காணும். வகுப்பிலை நனைச்சுப்போட்டு இருந்தாளெண்டால் பிறகு பள்ளிக்கூடம் போகவே மாட்டாள்" என்றார். சிறுநீர் வந்தால் வாயால் சொல்லப் பழக்குவது, அதுதான் எங்கள் இலக்கு. கையில் ஒன்பது மாதம் இருந்தது.

ஆரணியிடம் போகத் தொடங்கிக் கொஞ்ச நாளில் நிலையத்துக்கு ஒரு தாய் கவின் என்ற மகனைக் கூட்டி வந்தார். அதே வயது. வெங்காயங்களைப் பெரிதிலிருந்து சின்னதாக வரிசையாக அடுக்குவான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். மிஸ் பார்த்துவிட்டு வீட்டுப் பயிற்சி வேண்டும் என்றார். புத்தூர் என்றதும், எந்தப் பக்கம் என்று பாராமலே, "அக்கா உங்கை போறவ தானே" என்று என்னிடமே தந்தார். முகவரியை இரண்டு தரம் வாசித்தேன். ஆரணிக்குப் பக்கத்து வீடு. நடுவில் வேலி மட்டும்தான்.

கவினின் தாய் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது ஏறக்குறைய அதே வசனம். ரியூசன் என்று சொல்லிக்கொண்டு வரவேண்டும். முக்கியமாகப் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது.

அதற்கும் ஓம் என்றேன்.

திங்களும் வியாழனும் ஆரணி. செவ்வாயும் வெள்ளியும் கவின். ஒரே ஒழுங்கையில் கிழமைக்கு நாலு நாள் சைக்கிளில் போனால் மறைக்க முடியுமா? இரண்டாம் கிழமையே ஆரணியின் தாய் கேட்டார், பக்கத்து வீட்டிலும் என்ன செய்கிறேன் என்று. ரியூசன் என்றேன். அடுத்த நாள் கவினின் தாய் கேட்டார். அங்கேயும் ரியூசன் என்றேன். இரண்டு பேருமே தங்கள் வீட்டு ரியூசன் பொய் என்று தெரிந்தவர்கள். ஆனாலும் மற்ற வீட்டு ரியூசன் உண்மை என்று நம்பினார்கள்.

அந்தப் பொய் என்ன செய்தது என்று கேளுங்கள். ஒருநாள் ஆரணியின் தாய் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "பக்கத்து வீட்டுப் பெடியன் இப்பவே ரியூசன் படிக்குதாம். இவள் அம்மா எண்டு சொல்லவே மூண்டு வருசம் எடுத்தது." அடுத்த நாள் கவினின் தாய் வேலியைக் காட்டி, "அங்கத்தைப் பிள்ளை நல்ல கெட்டிக்காரி போலை, என்ன ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் என் பொய்யைப் பார்த்துத்தான் ஏங்கினார்கள். நான் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வேலியில் முன்பு ஒரு பொட்டு இருந்ததாம். எங்கள் ஊர்களில் வேலியில் ஓர் ஆள் நுழைந்து பக்கத்து வளவுக்குப் போய்வர விட்டிருக்கும் இடைவெளியைப் பொட்டு என்போம். சீனி கடன் வாங்கவும் கறி கொடுக்கவும் அதுதான் வழி. ஆரணியின் தாய் நாய் வருகிறது என்று சொல்லி அதைத் தகரத்தால் அடைத்தாராம். கவினின் தாய்க்கு அதில் கோபம் இல்லை, நிம்மதிதான். இரண்டு பேரும் தங்கள் பிள்ளையை அந்தப் பக்கம் பார்த்துவிடும் என்றுதான் பயந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்த கதை.

நாலாம் மாதம் மிஸ் ஆரணியைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். சொற்கள் கூடியிருந்தன. என்னோடு சேர்ந்து எண்ணும், குமிழி ஊது என்று கேட்கும். ஆனால் என்னிடமும் தாயிடமும் மட்டும்தான். "இனி உங்களோடை மட்டும் விளையாடிக் காணாது. இவவுக்குத் தன்ரை வயதுப் பிள்ளை ஒண்டு வேணும். பள்ளிக்கூடத்திலை இருக்கப்போறது பிள்ளையள்தானே, நீங்கள் இல்லையே. இவவின்ரை அயலிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார்.

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் நான் பதில் சொல்லவேண்டி வந்த பெரிய கேள்வி அதுதான். "பாக்கிறன் மிஸ்" என்றேன்.

பார்க்க என்ன இருந்தது? தகரத்துக்கு அந்தப் பக்கம் கவின் இருந்தான். ஆனால் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அந்த வீட்டு இரகசியம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அதற்குக் கீழே இன்னொரு உண்மை கிடந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக விளையாடினால் இரண்டு வீட்டுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கூரை அந்த மாரிக்குத் தாங்காது. மரமும் ஓடும் சொல்லி வைத்திருந்தேன். அந்த ஒழுங்கையில் கிடைத்த இரண்டு சம்பளத்தை நம்பித்தான் சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. ஆரணியின் முற்றத்தில் சவர்க்காரக் குமிழி விளையாட்டு. விளையாட்டு இதுதான்: நான் "ஒண்டு" என்பேன், "ரெண்டு" என்பேன், பிறகு ஊதாமல் பேசாமல் இருப்பேன். பிள்ளை "மூண்டு" என்று சொன்னால்தான் ஊதுவேன். அன்று ஆரணி முரண்டு பிடித்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். நான் இரண்டில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்க வருமே. கிணற்றடிப் பக்கம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிற்பாட்டினார்கள். முற்றம் அமைதியானது.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"மூண்டு."

கூப்பிட்டால் திரும்பாத கவின். அந்த விளையாட்டை அவனுக்கும் நான்தான் பழக்கியிருந்தேன், ஓர் எழுத்து மாறாமல்.

ஆரணி என்னைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். மெல்ல நடந்துபோய் அதற்கு முன்னால் நின்றாள். "ஒண்டு" என்றாள். என்னிடம் அல்ல, தகரத்திடம். பிறகு அங்கிருந்து "ரெண்டு" வந்தது. "மூண்டு" இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. என் கை தானாக ஊதியது. குமிழிகள் தகரத்துக்கு மேலால் போயின. அந்தப் பக்கம் கவின் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஆரணியின் தாய் தேத்தண்ணியோடு என் பின்னால் நின்றார்.

"உது ஆர்?"

"கவின்" என்றேன்.

"அவனுக்கு உந்த விளையாட்டு என்னெண்டு தெரியும்?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ரீச்சர், அங்கையும் உதுதானோ ரியூசன்?"

அவர் தேத்தண்ணியைக் கதிரையில் வைத்தார். ஆரணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தகரத்துக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டிய விளக்குமாற்றுச் சத்தமும் நின்றிருந்தது. கவினின் தாயும் கேட்டிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து சேருவதற்குள் இரண்டு பேரும் போன் எடுத்துவிட்டார்கள். ஆரணியின் தாய் இனி வரவேண்டாம் என்றார். கவினின் தாய் அழுதார். நான்தான் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தார். அடுத்தடுத்து இரண்டு போன். இரண்டு வீடும் போய்விட்டன. தை மாதத்துக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை.

அடுத்த நாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமான் கழுவும் இடத்தில் நின்றுதான் சொன்னேன். கை வேலை செய்தால்தான் எனக்கு வாயில் கதை வரும். அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் சொன்னார்: "சொல்லாமல் விட்டது பிழையில்லை அக்கா, அது அவையின்ரை ரகசியம். ஆனால் கேக்காமல் விட்டியளே. 'உங்களைப் போலை இன்னொரு தாய் இருக்கிறா, சந்திக்க விருப்பமோ' எண்டு ரெண்டு பேரிட்டையும் தனித்தனியா, பேர் சொல்லாமல் கேட்டிருக்கலாம். நான் கேட்டபோது எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லேல்லை?"

"கூச்சம், மிஸ்."

"கூச்சம் மட்டுமோ?"

கையில் இருந்த மரக் கட்டையை இரண்டாம் தரமும் கழுவினேன். "இல்லை. ரெண்டு வீடெண்டால் ரெண்டு சம்பளம்" என்றேன். அவர் திட்டவில்லை. "அதை எனக்குச் சொன்ன மாதிரி அங்கை போய்ச் சொல்லுங்கோ" என்றார்.

சனிக்கிழமை போனேன். ஒழுங்கை முகப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது எவ்வளவு நேரமோ தெரியாது. தோட்டத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டார். ஆரணியின் தாய் படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றே சொன்னேன். நான் பொய் சொன்னேன், உங்களிடம் கேட்டிருக்க வேண்டும், காசுக்காகவும் கேட்காமல் இருந்தேன் என்று. யோசித்து வைத்திருந்த வசனங்கள் எல்லாம் போய், அவ்வளவுதான் வந்தது.

அவர் சத்தமாகவே சொன்னார்: "அங்கத்தைப் பெடியன் ரியூசன் படிக்குது எண்டு கேட்டு, என்ரை பிள்ளையைப் பாத்துப் பாத்து நான் எத்தினை நாள் அழுதிருப்பன் தெரியுமோ?"

தகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கவினின் தாய் சொன்னார்:

"நான் மட்டும் சிரிச்சுக்கொண்டே இருந்தனான்?"

பிறகு ஆரணியின் தாய் தகரத்தைப் பார்த்து, என்னை அல்ல, கேட்டார்: "அவன் இப்ப என்ன என்ன சொல்லுறான்?" அங்கிருந்து பதில் வந்தது. இங்கிருந்து இன்னொரு கேள்வி போனது. இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று கிழமை ஒரு சத்தமும் இல்லை. பிறகு கவினின் தாய் போன் எடுத்து வியாழக்கிழமை வரச் சொன்னார். எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். "எந்தப் படலையாலை வந்தாலும் ஒண்டுதான் ரீச்சர்" என்றார். போனபோது தகரம் கழற்றி மாட்டுக் கொட்டிலில் சாத்தியிருந்தது. பொட்டு பழையபடி திறந்திருந்தது. அதற்குள் ஆரணியும் கவினும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்து வெங்காயம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் பெரிதை வைக்க, அவள் வேண்டுமென்றே சின்னதை வைத்தாள். அவன் "இல்லை" என்றான். நான் ஆறு மாதமாக அவனிடம் கேட்காத சொல்.

சம்பளத்தை நானே சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்று, பாதி பாதியாக. அந்த மாரிக்குக் கூரை மாற்றவில்லை. பொலித்தீன் விரித்து, கீழே வாளி வைத்துச் சமாளித்தோம். நல்லது செய்தவளுக்கு உடனே கைநிறையக் கிடைத்தது என்று உங்களுக்குக் கதை சொல்லமாட்டேன். கிடைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு தாய்மாரும் ரியூசன் என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். சந்தையிலும் முன்பள்ளியிலும், இன்னது பிரச்சினை, இன்னார் வருகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு இன்னும் மூன்று வீட்டார் வந்தார்கள். சனிக்கிழமைகளில் அந்த முற்றத்தில் ஐந்து பிள்ளைகள். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தார்கள். எல்லாம் சேர, பழைய இரண்டு சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. அதைவிடக் கூடுதலாக இல்லை. அடுத்த மாரிக்கு முதல் ஓடு போட்டுவிட்டோம்.

ஆகவே எவ்வளவு உழைக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். உதவியாளராக இருந்து வீடு நடத்தலாம். வசதியாக அல்ல, ஆனால் நடத்தலாம். உயர்தரம் படித்தவர்கள் என்னைப் போல நின்றுவிடாமல் சிகிச்சையாளராகப் படிக்க முடியுமா என்று பாருங்கள். அவர்களுக்கு வேலை இங்கேயும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. வீடுகளுக்குப் போகிறவர்கள் பஸ் காசையும் வழியில் போகிற நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் நாளே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள். எங்கள் வேலை தர்மம் இல்லை, அதற்குக் கூலி இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு இனி என்ன வேண்டும் என்று உங்களைக் கேட்கும்போது, பதில் சொல்வது பிள்ளையைப் பார்த்தா, கூரையைப் பார்த்தா என்று ஒரு தரம் யோசியுங்கள். கூரையைப் பார்ப்பது பாவம் இல்லை. கூரையையும் பார்க்கிறேன் என்று உங்கள் மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் திட்டமாட்டார்கள்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கி மூன்றாம் நாள், நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஆரணியின் தாய் போன் எடுத்தார். ஒரே வகுப்பில்தான் இருவரும். ஆசிரியை கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஆரணி எழும்பி நின்றாளாம். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "ரீச்சர், கவினுக்குச் சலம் வருது" என்றாளாம்.

நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு அந்த இரண்டு வீட்டிலும் என் வியாழக்கிழமை வேலை குறைந்து, பங்குனியோடு முடிந்தது. எங்கள் வேலை அப்படித்தான். சரியாகச் செய்தால் அந்த வீட்டு வருமானம் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். வெறுமையாய்ப் போன வியாழக்கிழமையை நினைத்து இரண்டு கிழமை யோசனையோடு இருந்தேன்.

மூன்றாம் கிழமை அளவெட்டியிலிருந்து ஒரு தகப்பன் போன் எடுத்தார். பின்னால் யாரோ தவில் பழகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலால் அவர், வீட்டில் உள்ளவர்கள், ஒழுங்கையில் போகிறவர்கள் எல்லோரும் கேட்கத்தக்கதாகக் கத்தினார்: "என்ரை பிள்ளை கதைக்கிறான் இல்லை. புத்தூரிலை உங்களைச் சொல்லிச்சினம். வருவியளோ?"

"ஓம், வாறன்" என்றேன். பிறகு என் சம்பளத்தையும் பஸ் காசையும் சொன்னேன். தவில் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

இன்னொரு தரம், உரத்துச் சொன்னேன்.